முதலில் கோப்பைத் திறந்து பாருங்கள்

சென்ற வாரம் ஆய்வு மாணவர்களுக்கான வாட்ஸ்அப் குழு ஒன்றில் முதலாமாண்டு முனைவர் பட்ட மாணவி ஒருவர் எளிய கேள்வியொன்றைக் கேட்டிருந்தார். களப்பணியில் எடுக்கும் காணொளிகளைத் தொகுக்க வேண்டும். கருத்தரங்குகளில் காட்டுவதற்காக மோஷன் கிராபிக்ஸ் எனப்படும் அசைவு வரைகலையும் கொஞ்சம் செய்ய வேண்டும். கையில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் இல்லை. எந்தக் கணினி வாங்கலாம்? ஒரு மணி நேரத்துக்குள் பதினேழு பதில்கள் வந்துவிட்டன. “ஒன்றரை இலட்சத்துக்குக் குறைவாக யோசிக்கவே யோசிக்காதீர்கள்” என்றார் ஒருவர். “ஆர்டிஎக்ஸ் இல்லாமல் எடிட்டிங்கா?” என்று கேட்டுச் சிரிப்புப் படம் ஒட்டினார் இன்னொருவர். மூத்த பேராசிரியர் ஒருவர், “கருவி முக்கியமன்று, கருத்தே முக்கியம், நாங்கள் நாடாப் பதிவுக் கருவியோடு ஊர் ஊராகத் திரிந்தவர்கள்” என்று ஆசி வழங்கி ஒதுங்கிக்கொண்டார். பதினேழு பேரில் ஒருவர்கூட அந்த மாணவியிடம் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது: உங்கள் காமெரா எந்த வடிவத்தில் பதிவு செய்கிறது?

நோயாளியின் நாடியைத் தொடாமலே மருந்துச் சீட்டு எழுதுகிறவரை நாம் போலி மருத்துவர் என்கிறோம். கோப்பைப் பார்க்காமல் கணினி பரிந்துரைக்கிறவரை மட்டும் ‘டெக் தெரிந்தவர்’ என்கிறோம். அந்தக் குழுவில் நீண்ட விவாதம் நடத்த முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். நான் கணினிப் பொறியாளர் அல்லன். மொழியியலில் முதுகலை முடித்து, இத்தீவுகளின் தமிழ்ப் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருப்பவன். மின்னி பேயில் ஓர் ஒற்றை அறையில், கடற்காற்றுக்கும் மின்வெட்டுக்கும் நடுவே, இந்த வேலையை மூன்றாண்டுகளாகச் செய்கிறேன். எழுதுவதில் பாதி என் சொந்தத் தவற்றிலிருந்து கற்றது. அந்தத் தவற்றையும் மறைக்கப்போவதில்லை.

முதல் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. படத்தொகுப்பும் அசைவு வரைகலையும் ஒரே தொழில் என்று நினைத்துக்கொண்டு, இரண்டுக்கும் சேர்த்து ‘எடிட்டிங் கம்ப்யூட்டர்’ என்றொரு பொருள் உண்டென்று கடைக்காரர்களும் யூடியூபர்களும் நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். கணினியின் உள்ளே நடப்பது இரண்டு வேறு வேலைகள். படத்தொகுப்பு என்பது பெரும்பாலும் வாசிப்பு. ஏற்கனவே சுருக்கி எழுதப்பட்ட கோப்பை வேகமாக விரித்துக் காட்ட வேண்டும். முன்னே பின்னே தாவ வேண்டும். அதற்கு வேண்டியவை அந்தக் கோப்பின் கோடெக்கை வன்பொருளிலேயே விரிக்கும் ஆற்றலும், தடையின்றி வாசிக்கும் வட்டும். அசைவு வரைகலையோ எழுத்து. இல்லாத சட்டகங்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு உருவாக்கி, உருவாக்கியவற்றை ரேமில் அடுக்கிவைத்தால்தான் நம்மால் ஓட்டிப் பார்க்க முடியும்.

இதற்குப் பெரிய கணிதம் வேண்டாம். 1920க்கு 1080 என்ற அளவுள்ள சட்டகத்தில் 20,73,600 புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகுமை என நான்கு மதிப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் என்றால் ஒரு சட்டகத்துக்கு ஏறத்தாழ 8.3 எம்பி. நொடிக்கு 25 சட்டகங்கள் எனில் 207 எம்பி. பத்து நொடி அசைவை முழுதாக ஓட்டிப் பார்க்க 2 ஜிபிக்கு மேல் வேண்டும். அதையே 4கே அளவில் செய்தால் நான்கு மடங்கு; 16 பிட் வண்ணத்தில் செய்தால் அதிலும் இரு மடங்கு. 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் விண்டோஸும் உலாவியும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு என்ன மிஞ்சும் என்பதை நீங்களே கழித்துப் பாருங்கள். “ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தொங்குகிறது, நல்ல கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும்” என்று புலம்புகிற நண்பர்களில் பெரும்பாலோருக்குத் தேவை இன்னொரு ரேம் குச்சிதான். அந்த மென்பொருள் பெரிதும் பிராசசரையும் ரேமையும் நம்பியே இயங்குகிறது. பல சட்டகங்களைப் பல கோர்களில் ஒரே நேரத்தில் கணக்கிடும் வசதிகூட 2021 அக்டோபரில்தான் அதற்கு வந்தது. டாவின்சி ரிசால்வ் வேறு இனம். அது கிராபிக்ஸ் கார்டை உண்மையாகவே தின்னும். ஆனால் அதன் ஃப்யூஷன் பகுதியில் அசைவு வரைகலை செய்வோருக்கு 32 ஜிபி ரேம் வேண்டும் என்று அதன் தயாரிப்பாளர்களே பரிந்துரைக்கிறார்கள். ஆகவே கேள்வி ‘எது சிறந்த கணினி’ என்பதாக இருக்க முடியாது. எந்த மென்பொருள், எந்தக் கோப்பு, எத்தனை நொடி அசைவு என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இனி அந்த ஆர்டிஎக்ஸ் நண்பருக்கு. புதிய காமெராக்கள் பல 10 பிட், 4:2:2 என்ற வண்ண அமைப்பில் எச்.265 கோப்புகளை எழுதுகின்றன. இவற்றை வன்பொருளிலேயே விரிக்கும் வசதி என்விடியாவின் கார்டுகளில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய வரிசையின் உச்சமான 4090க்குக்கூட அது கிடையாது. ஆனால் இன்டெலின் 11ஆம் தலைமுறை முதல், பிராசசருக்குள்ளேயே இருக்கும் சாதாரண வரைகலைப் பகுதி அந்த வேலையைச் செய்கிறது. இலட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கார்டு திணறும் கோப்பை, தனிக் கார்டே இல்லாத அலுவலகக் கணினி ஓட்டிக் காட்டும் விந்தை இதனால்தான் நிகழ்கிறது. இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்துள்ள இன்டெல் பிராசசர்கள் சற்று மலிவு. அவற்றில் அந்த உள் வரைகலைப் பகுதி வேலை செய்யாது. சில ஆயிரம் மிச்சம் என்று கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்.

ஆனால் நாம் ஏன் 4:2:2இல் பதிவு செய்ய வேண்டும்? திரைப்படத்துக்கு வண்ணம் திருத்துகிறவர்களுக்கு அது தேவை. ஒரு மூதாட்டி திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைப் பதிவு செய்யும் மொழியியலாளனுக்கு உதட்டசைவும் கையசைவும் கண்ணும் தெளிவாகத் தெரிந்தால் போதும். ஒலி மட்டும் மிகத் தூய்மையாக இருக்க வேண்டும். 1080 அளவில், 8 பிட் எச்.264இல் எடுத்த கோப்பை 2018ஆம் ஆண்டின் அலுவலகக் கணினிகூட முகம் சுளிக்காமல் ஓட்டும். காமெராவின் பட்டியலுக்குள் நுழைந்து ஓர் அமைப்பை மாற்றினால் ஐம்பதாயிரம் ரூபாய் மிச்சமாகும் என்பதை எந்தக் கணினி விமர்சனக் காணொளியும் சொல்லாது. அதில் விற்பதற்கு எதுவுமில்லை. ஒருவேளை 4கேதான் வேண்டுமென்றாலும், சிறிய அளவிலான பதிலிக் கோப்புகளை இரவில் உருவாக்கவிட்டு, பகலில் அவற்றைக் கொண்டு தொகுத்து, இறுதியில் மட்டும் மூலக் கோப்புகளுக்குத் திரும்பலாம். இந்த வசதி இல்லாத தொகுப்பு மென்பொருள் இன்று அரிது. அதைப் பயன்படுத்தும் பொறுமைதான் அரிதாக இருக்கிறது.

இலவசம் என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். “லினக்ஸ் போட்டு ரிசால்வின் இலவசப் பதிப்பை நிறுவிக்கொள், செலவே இல்லை” என்று எனக்கும் ஒருவர் சொன்னார். நிறுவினேன். லினக்ஸில் அந்த இலவசப் பதிப்பு எச்.264 கோப்புகளைத் திறக்காது. என் களப்பதிவுகள் அனைத்தும் எச்.264. இரண்டு நாள் போனது. கேடென்லைவ் அவற்றை எந்தக் கேள்வியும் கேட்காமல் திறந்தது. ஆய்வுக்கான தொகுப்புக்கு இன்றுவரை அதுவே போதுமானதாக இருக்கிறது.

அடுத்து, வன்பொருள் மேதைகள் ஒருவரும் தொடாத ஒன்று: தமிழ் எழுத்து. என் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பே’ என்ற எழுத்தில் உயிர்க்குறி மெய்க்கு இடப்புறம் நிற்கிறது; கணினியின் நினைவிலோ ‘ப’ முதலாவது, ஏகாரக் குறி இரண்டாவது. இந்த வரிசையைக் கண்ணுக்குச் சரியாக மாற்றிக் காட்டும் எழுத்துருவாக்க இயந்திரம் மென்பொருளில் இல்லையென்றால், கொம்பு வலப்புறம் போய் அநாதையாக நிற்கும். ஒகர ஓகாரங்களில் இரு பக்கமும் பிய்ந்து தொங்கும். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அதன் முதலெழுத்தான ‘ஸ்ரீ’ யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படுகிறது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடலுக்கு இரண்டும் வேறு. இனி இந்த ஊரைப் பற்றிய தமிழ்த் தரவுத்தொகுதியைத் தேடப்போகிறவர்கள் பாவம்.

எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தோன்றச் செய்யும் அசைவு இன்னும் வேடிக்கையானது. குறியீட்டுப் புள்ளியை எழுத்தென எண்ணும் மென்பொருளில் ‘அக்கா’ என்று தட்டச்சு அசைவு கொடுத்தால், முதலில் ‘அக’ தோன்றும், பிறகு புள்ளி வந்து தலையில் உட்காரும். மெய் என்றால் புள்ளி பெறும் என்பதைத் தொல்காப்பியத்தில் படித்துவிட்டு வந்த நாம் இதைக் கருத்தரங்கத் திரையில் ஓடவிட்டுக் கைதட்டல் வாங்குகிறோம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் தெற்காசிய எழுத்துகளுக்கான இயந்திரம் இருக்கிறது. அதை அமைப்புகளில் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. தெரியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களுக்குத் திரும்பி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைக்கிறார்கள். திரையில் அழகாகத் தெரிகிறது. கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல. தேட முடியாது, எண்ண முடியாது, துணைத்தலைப்பாகப் பிரித்தெடுக்க முடியாது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும், மொழித்துறை மாணவர்களே தங்கள் காணொளிகளில் இதைச் செய்கிறார்கள் என்றால் அதற்கு வெட்கப்பட வேண்டும். நானும் முதுகலைக் காலத்தில் செய்தவன்தான்.

இதற்குத் தீர்வு விலையுயர்ந்ததன்று. ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துருவாக்க நூலகம் திறமூலமானது. எல்லாத் துணைத்தலைப்பையும் ஏஎஸ்எஸ் வடிவில் எழுதினால், அதை வரையும் லிப்ஆஸ் அந்த நூலகத்தைப் பயன்படுத்தித் தமிழைச் சரியாகவே காட்டும். எஃப்எஃப்எம்பெக் கொண்டு அதைப் படத்தோடு எரித்துவிடலாம். தலைப்பு அட்டைகளை இங்க்ஸ்கேப்பில் வரைந்து படமாக்கி அசைக்கலாம். இவை எட்டு வயதான கணினியிலும் ஓடும். ஆகவே எந்தக் கணினி வாங்குவதற்கு முன்பும், நீங்கள் பயன்படுத்தப்போகும் மென்பொருளை ஒரு நண்பரின் கணினியில் திறந்து ‘கொக்கு’ என்று தட்டச்சு செய்து பாருங்கள். அந்தச் சோதனைக்குக் காசு கேட்க மாட்டார்கள்.

இனி என் தவறு. முதல் ஆண்டு உதவித்தொகையின் நிலுவை மொத்தமாக வந்தபோது மெல்லிய, அழகிய மடிக்கணினி ஒன்று வாங்கினேன். ரேமும் எஸ்எஸ்டியும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டவை என்பதை வாங்கியபின்தான் அறிந்தேன். அப்போது அது குறையாகவும் தோன்றவில்லை. அவ்வாண்டு மழைக்காலத்தில், கச்சால் தீவிலிருந்து வந்து மின்னி பேயில் மகன் வீட்டில் தங்கியிருந்த பாட்டி ஒருவரை இரண்டு மணி நேரம் பதிவு செய்தேன். கச்சாலின் கதை தெரிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையின் மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களில் சில குடும்பங்கள் எழுபதுகளில் நிகோபாரின் அத்தீவில், ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அத்தீவைச் சிதைத்தது. அந்தப் பாட்டியின் பேச்சில் மலையகத்தின் லயமும் கங்காணியும் பெரட்டும் இருந்தன; அவற்றுக்கு மேல் தீவின் இந்தி படிந்திருந்தது. கப்பலேறிய நாளைச் சொல்லிவருகையில், கேட்காமலே ஒப்பாரி ஒன்றை எடுத்து நடுவில் நிறுத்திக்கொண்டார்.

காமெராவின் அட்டையிலிருந்து மடிக்கணினிக்கு மாற்றினேன். அட்டையை அடுத்த பதிவுக்காக அழித்தேன். வெளி வன்தட்டு வாங்கப் பணமில்லை. இருந்ததெல்லாம் அந்த அழகிய கணினிக்குப் போய்விட்டது. பதினொரு நாட்களுக்குப் பிறகு அது விழிக்கவில்லை. ஈரமும் உப்பும் பலகையைத் தின்றிருந்தன. பழுது பார்ப்பவர், பலகை போனால் அதனோடு பற்றவைத்த எஸ்எஸ்டியும் போனதுதான் என்றார். சென்னைக்கு அனுப்பினேன், ஆறு வாரம் கழித்துப் புதிய பலகையோடு, வெற்று வட்டோடு திரும்பி வந்தது. பாட்டியிடம் மறுபடியும் போனேன். “அதெல்லாம் அன்னைக்கே சொல்லிட்டேனே கண்ணு” என்றார். வற்புறுத்தியதும் சொன்னார், இருபது நிமிடத்தில், சுருக்கமாக, எனக்குப் புரியும் தமிழாக மாற்றி. பெரட்டு வரவில்லை. ஒப்பாரியைக் கேட்டதற்குச் சிரித்தார்.

‘அழியும் மொழிகள்’ என்றால் அனைவரும் தலையசைப்பார்கள். அந்தமானில் போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 சனவரி 26 அன்று மறைந்தபோது உலகெங்கும் செய்தி வந்தது. அவருடைய குரல் இன்று நமக்குக் கிடைப்பது அன்விதா அப்பியும் அவர் குழுவினரும் 2005 முதல் செய்த பதிவுகளால். தமிழுக்கு அந்தக் கவலை இல்லை. 2013இல் மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் வழியாகத் தொடங்கிய அருகிவரும் மொழிகளுக்கான திட்டம் பத்தாயிரத்துக்கும் குறைவானோர் பேசும் மொழிகளுக்கானது. கோடிக்கணக்கானோர் பேசும் மொழியின் ஒரு கிளை அழிந்தால் அதைக் கணக்கில் வைக்க ஒரு பத்தியும் இல்லை. எனவே இத்தகைய பேச்சைக் காப்பாற்றுவது ஏதோவொரு ஆய்வு மாணவனின் வன்தட்டைப் பொறுத்தே நிற்கிறது. மலிவான கணினி எது என்ற கேள்வியை நான் இவ்வளவு கோபத்தோடு எழுதுவதற்கு இதுவே காரணம்.

‘கட்டுப்படியாகும் விலை’ என்பதைக் கடைச் சீட்டில் உள்ள தொகை என்று எடுத்துக்கொள்வதுதான் நம் அடிப்படைப் பிழை. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதும் காமெரா ஒரு மணி நேரத்தில் 45 ஜிபி நிரப்பும். முனைவர் பட்டத்துக்கு நாற்பது மணி நேரப் பதிவு என்பது மிகையன்று, அது 1.8 டிபி. மூன்று படிகள் வைத்தால் 5.4 டிபி. 256 ஜிபி வட்டோடு வரும் கணினியை ‘மலிவு’ என்று வாங்குகிறவர் மீதியை எங்கே வைப்பார்? மேகத்தில் என்பார்கள். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் இத்தீவுகளுக்கு வந்தது. செயற்கைக்கோள் காலத்து இணையத்தை அனுபவித்தவர்களுக்கு அது பெரும் விடுதலை. ஆயினும் நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் இரவும் பகலும் இடையறாது ஏற்றினாலும் 1.8 டிபி போய்ச்சேர எட்டு நாட்களுக்கு மேலாகும். பிறகு மாதந்தோறும் வாடகை. பட்டம் முடிந்து உதவித்தொகை நின்றதும் வாடகை யார் கட்டுவது?

இங்கே பல்கலைக்கழக மானியக் குழுவையும் சொல்லியாக வேண்டும். 2023 சனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதர செலவுக்கான ஆண்டுத் தொகையைப் பாருங்கள்: அறிவியலுக்கு முதல் ஈராண்டுகள் 12,000, பின்னர் 25,000, கலைப் புலங்களுக்கும் சமூக அறிவியலுக்கும் 10,000, பின்னர் 20,500. மொழியியலாளன் புத்தகமும் ஒளிநகலும் மட்டும் வாங்குகிறவன் என்ற பழங்கணக்கு இது. ஆய்வகம் உள்ள அறிவியல் மாணவருக்குத் துறையின் கருவிகள் கிடைக்கின்றன. என் ஆய்வகம் என் முதுகுப்பையில் இருக்கிறது. அதற்குக் கிடைக்கும் தொகையில் நல்ல வெளி வன்தட்டு ஒன்று வாங்கினால் அவ்வாண்டு ஏறக்குறைய முடிந்தது. நெட் தகுதி இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்களின் மாத உதவித்தொகையே 8,000 ரூபாய்தான். அவர்களிடம் போய் ஒன்றரை இலட்சம் என்று சொல்ல எப்படி நா எழுகிறது?

இதே துறைகளின் கொள்முதல் குழுக்களையும் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். நிதியாண்டு முடியும் மார்ச்சில் அவசரமாக ‘அண்மைத் தலைமுறை ஐ7’ என்று ஒரே வரி எழுதி ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள். ரேம் எவ்வளவு, கூடுதல் இடைவெளி உண்டா, திரை எத்தனை விழுக்காடு வண்ணம் காட்டும் என்பதைப் பற்றி ஒரு சொல் இராது. வந்த கணினிகளில் தேர்வு மதிப்பெண் பட்டியல் தட்டச்சாகும். அந்தத் துறையின் ஒலிப்பதிவுகளோ அலமாரியின் மேல்தட்டில், பெயரெழுதாத குறுவட்டுகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். 2024 நவம்பரில் வந்த எம்4 மேக் மினி 59,900 ரூபாய்க்கு அறிமுகமானது, மாணவர்களுக்கு 49,900. 16 ஜிபி ரேம், 4:2:2ஐயும் விரிக்கும் ஊடகப் பகுதி, மிகக் குறைந்த மின்சாரம். படத்தொகுப்புக்கு அந்த விலையில் அதைவிட நல்ல கருவியை என்னாலும் காட்ட முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். தேசிய மின்தொகுப்போடு இணையாமல், பெரிதும் டீசல் மின்னாக்கிகளை நம்பியிருக்கும் எங்களுக்கு, சிறிய யுபிஎஸ்ஸில் ஓடும் கணினி ஒரு வரம். ஆனால் அதன் ரேம் வாங்கிய நாளில் உள்ளதுதான் என்றைக்கும். 256 ஜிபி வட்டு இரண்டு வாரக் களப்பணிக்கு. திரை, விசைப்பலகை, வன்தட்டுகள் எல்லாம் சேர்த்துத்தான் விலையைச் சொல்ல வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ இருந்து, அசைவு வரைகலை குறைவாகவும் தொகுப்பு மிகுதியாகவும் செய்கிறவர் அதை வாங்கலாம். கழற்றிப் பார்க்க ஆளில்லாத தீவில் இருந்துகொண்டு ஆறாண்டு ஆய்வுக்கு நான் வாங்க மாட்டேன்.

தமிழ்நாட்டு மாணவர்கள் சிலர் அரசு மடிக்கணினி போதுமா என்று கேட்கிறார்கள். 2011இல் தொடங்கிய திட்டம் நின்றுபோய், 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று மீண்டும் அறிவிக்கப்பட்டது. ஒப்பந்தப்புள்ளியில் கேட்கப்பட்டது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. போதும். பதிலிக் கோப்பும் கேடென்லைவும் வெளி வன்தட்டும் இருந்தால் 1080இல் ஓர் ஆவணப்படத்தையே முடிக்கலாம். அசைவு வரைகலையில்தான் முட்டும். பத்துப் பத்து நொடியாகப் பிரித்துச் செய்யுங்கள். நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து எலான் இலவசம். உரைக்குறிப்பு எழுதும் அந்த மென்பொருளுக்கு அந்தக் கணினியே தாராளம்.

அந்த மாணவிக்கு நான் தனியாக எழுதியது இதுதான். காமெராவை 1080, எச்.264, 8 பிட்டுக்கு மாற்றுங்கள். ஐம்பதாயிரத்தில் முதலில் பதினைந்தாயிரத்தை எடுத்து ஒதுக்கிவிடுங்கள். அது இரண்டு வெளி வன்தட்டுகளுக்கு, ஒன்று உங்களிடமும் மற்றது வேறோர் ஊரிலும் இருக்க வேண்டும். மீதியில், ரிச்சி தெருவிலோ நம்பகமான புதுப்பித்த கணினி விற்பவரிடமோ, அலுவலகத்திலிருந்து கழித்த மேசைக்கணினி ஒன்றைப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள், 11 அல்லது 12 கிடைத்தால் நல்லது. பெட்டியைத் திறக்கச் சொல்லி ரேம் இடைவெளிகளை எண்ணுங்கள். நான்கிருந்தால் மகிழ்ச்சி, இரண்டுக்குக் குறைந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மிக ஒல்லியான பெட்டிகளில் பிறகு கிராபிக்ஸ் கார்டு நுழையாது; சிலவற்றில் மின்வழங்கியும் அந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் இருக்கும், போனால் வெளியே கிடைக்காது. ரேம் விலை 2025 இறுதியிலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் சில்லுகளை அள்ளுகின்றன, மைக்ரான் நிறுவனம் டிசம்பரில் தன் குரூஷியல் நுகர்வோர் வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்துவிட்டது. எனவே 16 ஜிபியோடு தொடங்கி, பழைய டிடிஆர்4 குச்சிகள் கிடைக்கும்போது 32க்கு உயருங்கள். கிராபிக்ஸ் கார்டை இப்போது வாங்காதீர்கள். ஓராண்டு வேலை செய்தபின், எந்த இடத்தில் காத்திருக்கிறீர்கள் என்பது தெரியும். அப்போது வாங்குங்கள், அல்லது வாங்காமலே இருங்கள்.

“சார், களத்துக்கு மேசைக்கணினியைத் தூக்கிக்கொண்டா போவது?” என்று கேட்டார். நல்ல கேள்வி. களத்துக்குக் கணினியே வேண்டாம். இரண்டு நினைவக அட்டைகளும், அவற்றை வன்தட்டுக்கு மாற்ற ஏதேனும் ஒரு பழைய மடிக்கணினியும், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவும் போதும். இரண்டு படிகள் ஆகும்வரை அட்டையை அழிக்கக் கூடாது என்று டப்பாவின் மூடியில் எழுதி ஒட்டச் சொன்னேன். என் டப்பாவிலும் அது ஒட்டியிருக்கிறது.

உங்கள் காமெரா, மென்பொருள், கையிருப்பு மூன்றையும் எழுதிப் பின்னூட்டத்தில் கேட்டால் எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். மூன்றில் ஒன்று இல்லாமல் “எது பெஸ்ட்?” என்று மட்டும் கேட்பவர்களுக்கு அந்தப் பதினேழு பேர் இருக்கிறார்கள்.